அன்றாட ஓட்டத்துக்குப் பழைய மஹிந்திரா தார்: கோவையில் ஒரு கொள்முதலின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

வாங்கியவர் கோவை வடவள்ளியில் குடியிருக்கிறார். வேலை சரவணம்பட்டியில், ஒரு வழிக்குச் சுமார் 18 கிலோமீட்டர். வீட்டில் மனைவி, ஒன்பது வயது மகள், மூட்டு வலியுள்ள தந்தை. ஏற்கெனவே ஒரு சிறிய பெட்ரோல் கார் இருந்தது. ஆனைகட்டிப் பக்கம் ஒரு சிறு தோட்டமும் உண்டு. தார்ச்சாலையிலிருந்து தோட்டத்துக்குப் போகும் ஒன்றரைக் கிலோமீட்டர் மண்பாதையில் மழைக்காலத்தில் அந்தக் கார் ஏறாது.

2023 தொடக்கத்தில், தினசரி ஓட்டத்துக்கும் தோட்டத்துக்கும் ஒரே வண்டியாக இருக்கட்டும் என்று நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய 4×4 ஒன்றைத் தேட ஆரம்பித்தார். ஒதுக்கிய தொகை எட்டு லட்சம். விற்பவர் கையில் கொடுப்பதும் வாங்கியவுடன் செய்யும் செலவும் இதற்குள் அடங்க வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்திருந்தார். பல பேர் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். எட்டு லட்சத்தையும் வண்டிக்கே கொடுத்துவிட்டு, தேய்ந்த டயரோடும் பழைய ஆயிலோடும் ஒரு வருடம் ஓட்டுவார்கள்.

எந்த வண்டி, ஏன்

மாருதி ஜிப்சி, ஃபோர்ஸ் கூர்க்கா, மஹிந்திரா தார் சிஆர்டிஇ மூன்றும் பரிசீலனையில் இருந்தன. ஜிப்சியில் பவர் ஸ்டியரிங்கும் ஏசியும் கம்பெனியிலிருந்தே வருவதில்லை. தினமும் காந்திபுரத்தைக் கடப்பவருக்கு அது ஒத்துவராது. கூர்க்கா பக்கத்தில் எங்கும் நல்ல நிலையில் கிடைக்கவில்லை. மிஞ்சியது தார்.

2010 முதல் பிஎஸ் 6 எனும் புகை மாசு விதி வரும் வரை விற்ற அந்தத் தாரில் 2.5 லிட்டர் காமன் ரயில் டீசல் எஞ்சின்: 105 குதிரைத்திறன், 247 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை, ஐந்து கியர். முன்பக்கம் டார்ஷன் பாருடன் (முறுக்கத்தால் ஸ்பிரிங் போல் வேலை செய்யும் கம்பி) தனித்தனி சஸ்பென்ஷன், பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங் பட்டை. அதற்கு முந்தைய பிஎஸ் 4 விதிப்படி வந்த தாரில் டிபிஎஃப் எனும் புகைக்கரி வடிகட்டி கிடையாது. நகருக்குள் குறுந்தூரம் ஓட்டினால் அது அடைத்துக்கொள்ளும் தொல்லை இதில் இல்லை. தினசரி ஓட்டத்துக்கு இது பெரிய வசதி. 2015 முகப்பு மாற்றத்துக்குப் பிறகு வந்த 4×4 வண்டிகளில் பின் டிஃபரென்ஷியல் (இரு பக்கச் சக்கரங்களையும் வேறுவேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கரத் தொகுதி), ஒரு சக்கரம் வழுக்கினால் தானாகப் பூட்டிக்கொள்ளும் ஏற்பாடும் இருந்தது. அதனால் 2015க்குப் பிந்தைய வண்டியை மட்டும் பார்ப்பது என்று முடிவானது.

பாதகங்களும் தெரிந்தவையே. ஏர்பேக் இல்லை. 2019க்கு முந்தைய வண்டிகளில், பிரேக் மிதிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் இல்லை. பின் இருக்கைகள் பக்கவாட்டில் பார்த்தவை. கூரை கேன்வாஸ். இவற்றில் ஏபிஎஸ் இல்லாததை எல்லாரும் போல அவரும் லேசாக எடுத்துக்கொண்டார்.

முதல் வண்டி: தவிர்த்தது

புரோக்கர் வழியாக வந்தது 2016 மாடல், எர்ணாகுளம் மாவட்டப் பதிவு, கேட்ட விலை ஆறே முக்கால் லட்சம். ஓடியது 58,000 கிலோமீட்டர் என்று மீட்டர் காட்டியது. பார்க்க மிரட்டலாக இருந்தது: 265/75 ஆர் 16 மட் டயர், முன்னால் இரும்பு புல் பார், ஃபைபர் ஹார்ட் டாப், உயர்த்திய முன்பக்கம்.

உடன் வந்த மெக்கானிக் முதலில் கையில் எடுத்தது கால்குலேட்டரை. கம்பெனி டயர் 235/70 ஆர் 16. அதன் விட்டம் சுமார் 735 மி.மீ. பொருத்தியிருந்த டயரின் விட்டம் சுமார் 804. அதாவது ஒன்பது சதவீதம் கூடுதல். ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது வண்டி 87இல் போகிறது. கிலோமீட்டர் கணக்கும் அதே விகிதத்தில் குறைத்தே காட்டும். ஆரம்பத்திலிருந்தே அந்த டயர்கள்தான் என்றால், 58,000 என்பது உண்மையில் 63,000க்கு மேல்.

பிறகு வண்டியைப் பிட்டில் ஏற்றினார்கள். முன்பக்கத்தை உயர்த்தியது தனி லிஃப்ட் கிட் அல்ல. "டார்ஷன் பார் போல்ட்டையே முறுக்கி ஏத்தி விட்டிருக்காங்க சார்" என்றார் மெக்கானிக். காசு செலவில்லாத வழி இது. விளைவு வேறு இடத்தில் தெரியும். முன்பக்கம் ஐம்பது மி.மீ. ஏறினால் டிரைவ் ஷாஃப்ட் சாய்ந்த கோணத்தில் சுழலும். அந்த ஷாஃப்டின் மடங்கும் மூட்டான சிவி ஜாயிண்டை மூடும் ரப்பர் உறை, அதாவது பூட், ஒரு பக்கம் மடங்கி, மறுபக்கம் இழுபட்டு, மடிப்பில் வெடிக்கும். இந்த வண்டியில் இடப்பக்க உள் பூட்டின் இரண்டாவது மடிப்பு வாய் பிளந்திருந்தது. சிதறிய கிரீஸ் மண்ணோடு சேர்ந்து வீல் ஆர்ச்சின் உள்பக்கம் கருப்பு வளையமாகக் காய்ந்திருந்தது. சஸ்பென்ஷன் கீழே இறங்கும் தூரமும் இதில் குறைந்துபோவதால் சிறு பள்ளத்திலும் வண்டி இடிக்கும். பால் ஜாயிண்டும் சீக்கிரம் தேயும். கம்பியால் நெம்பியபோது வலப்பக்கக் கீழ் பால் ஜாயிண்ட் ஆடியது.

அடுத்தது டிஃபரென்ஷியல். வண்டி முந்தைய இரவிலிருந்து அதே இடத்தில் நிற்க வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தார்கள். நின்ற வண்டியில் தண்ணீர் ஆயிலுக்கு அடியில் தங்கும்; டிரெயின் பிளக்கைச் சற்றே தளர்த்தினால் முதலில் சொட்டுவது அதுதான். பின் ஆக்சிலில் முதல் சில சொட்டுகள் தண்ணீர், பின்னால் வந்தது பால் கலந்தது போன்ற ஆயில். காரணம் பெரும்பாலும் பிரீதர், அதாவது ஆக்சிலுக்குள் காற்று போய்வரும் சிறு குழாய். ஓடிச் சூடான ஆக்சில் ஓடைத் தண்ணீரில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். பிரீதர் குழாய் சேற்றால் அடைத்திருந்தால், அந்த வெற்றிடம் சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுக்கும். தண்ணீர் எவ்வளவு காலமாக உள்ளே இருந்தது என்பது பேரிங்குகளைக் கழற்றினால்தான் தெரியும். அதற்கு விற்பவர் சம்மதிக்கவில்லை.

எர்ணாகுளம் பதிவு என்பதால் 2018 ஆகஸ்ட் வெள்ளம் பற்றிய சந்தேகமும் இருந்தது. சாதாரணக் காரில் கார்பெட்டைத் தூக்கினால் வண்டல் தெரியும். தாரின் தரையைக் கழுவிவிடலாம் என்பதால் அந்தத் தடயம் கிடைக்காது. சீட் பெல்ட்டை முழுதாக வெளியே இழுத்து நீர்க்கறை பார்த்தார்கள். இருக்கைக்கு அடியில் போல்ட் துரு, டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒயர் கனெக்டர்களில் பச்சைப் பூப்பு, ஹெட்லைட்டுக்குள் மண்கோடு ஆகியவற்றையும் தேடினார்கள். வெள்ளத்துக்கான தடயம் கிடைக்கவில்லை; அந்த ஒரு விஷயத்தில் வண்டி மேல் குறை சொல்ல இடமில்லை.

சட்டச் சிக்கல் தனி. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52இன்படி, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது; 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. புல் பார் வேண்டாம் என்று மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. ஹார்ட் டாப் ஆர்சியில் ஏறவில்லை. கேரளப் பதிவு என்பதால் படிவம் 28இல் என்ஓசி வாங்கி, தமிழ்நாட்டில் வயதுக்கேற்ற ஆயுள் வரி கட்டி, மறுபதிவும் செய்ய வேண்டும். இத்தனை மாற்றங்களோடு அந்த வண்டி ஆர்டிஓ பரிசோதனையில் நிற்காது.

முடிவு: வேண்டாம். புரோக்கர் நாற்பதாயிரம் குறைத்தும் முடிவு மாறவில்லை. பூட், பால் ஜாயிண்ட், பழைய அளவு டயர், ஆக்சில் வேலை, வரி எல்லாம் சேர்ந்தால் அந்தத் தள்ளுபடி போல் பல மடங்கு ஆகும். தார் வாங்கப் போகிறவர்கள் முன்பக்கம் உயர்ந்த வண்டியைக் கண்டு மயங்குவது வழக்கம். தினசரி ஓட்டத்துக்கு என்றால், எதுவும் மாற்றாத வண்டிக்கு இருபதாயிரம் கூடுதலாகக் கொடுத்தாலும் நஷ்டமில்லை.

இரண்டாம் வண்டி: வாங்கியது

ஆறு வாரம் கழித்துக் கோத்தகிரியில் ஒன்று கிடைத்தது. 2016 மாடல், ஊட்டிப் பதிவு, முதல் ஓனர், 61,000 கிலோமீட்டர், கேட்ட விலை ஏழே கால் லட்சம். கம்பெனி டயர், கம்பெனி கேன்வாஸ், டேங்க் ஓரத்தில் ஒரு டிங்கரிங் வேலை. சர்வீஸ் பில்கள் வரிசையாக இருந்தன. பெடல் ரப்பரின் தேய்மானமும் மீட்டரோடு பொருந்தியது. சேசிஸில் பொறித்த எண்ணும் எஞ்சின் எண்ணும் ஆர்சியோடு ஒத்துப்போயின.

காலை ஏழு மணிக்குப் போய், பானட்டின் மேல் கை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்தார்கள். சூடேற்றி வைத்த டீசல் எஞ்சினில் குளிர் ஸ்டார்ட்டின் குறைகள் மறைந்துவிடும். ஐடிலில் ஆயில் மூடியைத் திறந்தபோது லேசான ஆவிதான். விட்டு விட்டு அடிக்கும் புகை இல்லை. மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் கொஞ்சம் இறங்கித் திரும்பி ஏறும்போது, மூன்றாம் கியரில் 1,500 சுற்றிலிருந்து முழு ஆக்சிலரேட்டர் கொடுத்தார்கள். சுற்று மட்டும் ஏறி வேகம் ஏறாமல் இருந்தால் கிளட்ச் வழுக்குகிறது என்று அர்த்தம். இது நன்றாகவே இழுத்தது.

4×4 பரிசோதனையில்தான் நேரம் செலவானது. இந்தத் தாரின் முன் ஹப்கள், அதாவது முன் சக்கரத்தை டிரைவ் ஷாஃப்டோடு இணைக்கும் பாகங்கள், வாக்யூமால் (காற்று உறிஞ்சலால்) பூட்டுபவை. லீவரைப் போட்டதும் டேஷில் விளக்கு எரிகிறது என்பதை மட்டும் வைத்து முன் சக்கரம் இழுக்கிறது என்று சொல்ல முடியாது. அவர்கள் செய்த முறை இது: சமதரையில் பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, எஞ்சினை ஐடிலில் விட்டு, கியர் நியூட்ரலில், 4×4க்கு மாற்றும் டிரான்ஸ்ஃபர் லீவரை 4எச்சில் (சாதாரண வேகத்துக்கான நான்கு சக்கர இழுவை) வைக்க வேண்டும். ஒரு முன் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்துக் கையால் சுற்ற வேண்டும். சிறிது சுற்றியதும் அது பிடித்துக்கொண்டு நின்றால் ஹப் பூட்டியிருக்கிறது. தொடர்ந்து சுழன்றால் ஏதோ ஒரு பக்க ஹப் பூட்டவில்லை. பிறகு மறுபக்கம். இரண்டும் பிடித்தன.

4எல்லுக்கு (மெதுவான, அதிக இழுவைக்கான நிலை) வண்டியை நிறுத்தி, கிளட்ச் மிதித்து லீவர் போட்டார்கள். ஈரத் தேயிலைத் தோட்டப் பாதையில் பின் சக்கரம் ஒன்றைக் குறுக்குப் பள்ளத்தில் தொங்கவிட்டு மெதுவாக ஆக்சிலரேட்டர் கொடுத்ததும், அரைச் சுற்று சுழன்று, "டக்" என்று ஒரு சத்தத்தோடு டிஃபரென்ஷியல் பூட்டி வண்டி நகர்ந்தது. அந்தச் சத்தம் கேட்டுப் பயந்து வண்டியை வேண்டாம் என்றவர்கள் உண்டு. அது வர வேண்டிய சத்தம்.

குறைகளும் கிடைத்தன. பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ப்ரொப்பல்லர் ஷாஃப்டின் மூட்டான யுஜே கிராஸில் ஆட்டம். முன்னும் பின்னும் கியர் மாற்றினால் கணீரென்று அடித்தது. லீஃப் ஸ்பிரிங் புஷ் தேய்ந்திருந்தது. கேன்வாஸின் பின் ஜன்னல் தையல் பிரிந்திருந்தது. சேசிஸின் பின் குறுக்குக் கட்டையில் மேலோட்டமான துரு. ஸ்குரூ டிரைவரால் குத்தியதில் உள்ளே இறங்கவில்லை. டயர்களின் பக்கவாட்டில் தயாரிப்புத் தேதி 2316. அதாவது 2016ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். டயரின் பூ (வரிப்பள்ளத்தின் ஆழம்) ஆறு மி.மீ. இருந்தது, ரப்பருக்கு வயது ஏழு ஆகப்போகிறது.

விலையும் காகிதமும்

பேரம் குறைகளின் பட்டியலை வைத்தே நடந்தது: டயர், யுஜே கிராஸ், புஷ், தையல். ஆறே முக்கால் லட்சத்தில் முடிந்தது.

பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு ஹைப்பாத்திகேஷன் (வண்டி மேல் கடன் அடமானம்) இல்லை என்பதையும், நிலுவை இ-சலான் இல்லை என்பதையும் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பார்த்தார்கள். படிவம் 29, 30இல் கையெழுத்தானது. தமிழ்நாட்டுக்குள்ளேயே என்பதால் புது வரி இல்லை. இன்சூரன்ஸைப் பெயர் மாற்ற 14 நாள் அவகாசம். அதற்குள் மூன்றாம் நபர் பாதுகாப்பு தானாக மாறினாலும், சொந்தச் சேதப் பாதுகாப்பு மாறாது. விற்றவரின் நோ கிளெய்ம் போனஸ் (இழப்பீடு கேட்காததற்குக் கிடைக்கும் பிரீமியம் தள்ளுபடி) அவரோடு போய்விடும் என்பது பலருக்குக் கடைசியில்தான் தெரியும். வாங்குபவர் அந்த வித்தியாசத் தொகையைக் கட்ட வேண்டும். ஆர்சி 2031 வரை செல்லும். டீசல் வண்டிக்குப் பத்து வருட வரம்பு அப்போது டெல்லி வட்டாரத்துக்கு இருந்த விதி. அது இங்கே பொருந்தாது.

வாங்கியவுடன் செய்தவை

முந்தைய சர்வீஸ் எதையும் நம்பாமல் எல்லாத் திரவங்களையும் மாற்றினார்கள்: எஞ்சின் ஆயில், கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் பின் டிஃபரென்ஷியல், பிரேக் ஆயில், கூலண்ட். டிரான்ஸ்ஃபர் கேஸில் கியர் ஆயிலையே ஊற்றிவிடும் ஒர்க்‌ஷாப்புகள் உண்டு. அதற்கு வேறு தரம்; கையேட்டைத் திறந்துவைத்துக்கொண்டே ஊற்றினார்கள். பழைய ஆயில்களில் தண்ணீர் இல்லை. இரண்டு ஆக்சில்களின் பிரீதர் குழாய்களையும் கழற்றி ஊதிச் சுத்தம் செய்தார்கள். டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர், ஃபேன் பெல்ட், யுஜே கிராஸ், ஸ்பிரிங் புஷ் புதிது. எல்லா நிப்பிளிலும் கிரீஸ். சேசிஸ் துருவைச் சுரண்டி பிரைமரும் அண்டர்கோட்டிங்கும் அடித்தார்கள். சுரண்டாமல் மேலே கோட்டிங் அடித்தால் ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டு துரு இன்னும் வேகமாகத் தின்னும். எல்லாம் சேர்ந்து 38,000 ரூபாய்.

டயர் மட்டும் மாற்றப்படவில்லை. பூ இருக்கிறதே, அடுத்த ஆண்டு பார்ப்போம் என்று வாங்கியவர் முடிவு செய்தார். தள்ளிப்போட வேண்டாம் என்று மெக்கானிக் சொன்னார், ஆனால் வற்புறுத்தவில்லை.

முதல் ஆண்டு

அந்த முடிவின் விலை ஜூனில் தெரிந்தது. கோடை காய்ந்து எண்ணெய் படிந்த லாலி ரோட்டில் முதல் தூறல். சிக்னலில் முன்னால் நின்ற பஸ்ஸைப் பார்த்துப் பிரேக் மிதித்ததும் முன் சக்கரங்கள் பூட்டிக்கொண்டன. ஸ்டியரிங் திருப்பியும் வண்டி நேராகவே சறுக்கியது. கால் பிரேக்கிலிருந்து ஒரு கணம் எடுபட்டதால் சக்கரம் மறுபடி சுழன்று, பஸ்ஸுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. ஏபிஎஸ் உள்ள காரில் பழகிய கால், அழுத்தி மிதிக்கத்தான் பழகியிருக்கும். ஏழு வருட ரப்பர் இறுகிப்போய் ஈரச் சாலையில் பிடிக்காது. பூவின் ஆழம் தண்ணீரை வெளியேற்ற மட்டுமே உதவும். அந்த வாரமே அதே அளவில் நான்கு ஆல் டெரைன் டயர் போட்டார், 43,000 ரூபாய். மட் டயர் வேண்டாம் என்றதற்குக் காரணம் தெளிவு: மாதத்தில் ஓடும் சுமார் 1,200 கிலோமீட்டரில் மண்பாதை பத்துப் பன்னிரண்டுதான்.

ஆகஸ்டில் தோட்டப் பாதையில் 4எச் போட்டும் முன் சக்கரம் இழுக்கவில்லை. பிரேக் பெடல் வழக்கம்போல் மென்மையாகவே இருந்தது. பிரேக் பூஸ்டருக்கும் அதே பம்ப்தான் வாக்யூம் தருகிறது என்பதால் பம்பில் பழுதில்லை, ஹப்புக்குப் போகும் வழியில்தான் கசிவு என்று உடனே பிடிபட்டது. வாக்யூமைத் திறந்து மூடும் சோலனாய்டு வால்வுக்கு அருகில் ரப்பர் குழாய் வெடித்திருந்தது. செலவு சில நூறு ரூபாய்தான். வாங்கிய நாளிலிருந்து ஒரு முறைகூட 4×4 போடவே இல்லை. போட்டிருந்தால் முன்பே தெரிந்திருக்கும். அதன் பிறகு மாதம் ஒரு முறை மண்பாதையில் இரண்டு கிலோமீட்டர் 4எச்சில் ஓட்டுகிறார். தார்ச்சாலையில் போடுவதில்லை. காய்ந்த சாலையில் முன் பின் சக்கரங்கள் திருப்பத்தில் வேறுவேறு தூரம் போக, அந்த முறுக்கம் ஷாஃப்டிலும் டிரான்ஸ்ஃபர் கேஸிலும் ஏறி லீவரே வெளியே வராமல் இறுகும்.

எரிபொருள் நகரும் மலையும் கலந்து லிட்டருக்குப் பதினொன்றரை. மாதம் சுமார் 104 லிட்டர் டீசல். பெட்ரோல் காரில் இதே தூரத்துக்கு 75 லிட்டர் போதும். ஏப்ரல் மதியத்தில் கேன்வாஸுக்குக் கீழ் ஏசி திணறுகிறது. 80க்கு மேல் காற்றுச் சத்தத்தில் போன் பேச முடியாது. கேன்வாஸைக் கத்தியால் கிழித்தாலே உள்ளே கை போகும் என்பதால் வண்டிக்குள் லேப்டாப் வைப்பதில்லை.

குடும்ப விஷயத்தில் கணக்கு முழுதாகவே மாறியது. "ஏறுறதுக்கு ஒரு ஸ்டூல் வேணும்ப்பா" என்றார் தந்தை. ஒரு முறை ஏறியதோடு சரி. பக்கவாட்டு இருக்கையில் மகளை உட்கார வைப்பதில்லை என்று மனைவி முதல் வாரமே சொல்லிவிட்டார். அது சரியான முடிவு. திடீர்ப் பிரேக்கில் பக்கவாட்டாக உட்கார்ந்த உடம்பைத் தாங்க எதுவுமில்லை. விற்பதாக இருந்த பெட்ரோல் கார் விற்கப்படவில்லை. ஒரே வண்டி என்ற திட்டம் அங்கேயே முடிந்தது.

திரும்பச் செய்தால்

டயர் செலவைத் தள்ளிப்போடாமல் முதல் நாளே செய்ய வேண்டும். பேரத்தில் அந்தத் தொகையைக் கழித்துவிட்டு டயரை மாற்றாமல் விட்டதில் எந்தத் தர்க்கமும் இல்லை. விலை பேசுவதற்கு முன் வீட்டில் எல்லாரையும் வண்டியில் ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும். அது பத்து நிமிட வேலை. செய்திருந்தால் இரண்டாவது காருக்கும் சேர்த்தே பட்ஜெட் போட்டிருக்கலாம். தோட்டம் இல்லாத ஒருவர் இதே கணக்கைப் போட்டால், 2,000 கிலோமீட்டருக்குள்ளேயே இது தனக்கான வண்டி இல்லை என்று தெரிந்துகொள்வார்.

2024 மார்ச்சில் நிலவரம்: மீட்டர் 75,000ஐத் தாண்டியது. வாங்கிய விலையோடு சேர்த்து மொத்தச் செலவு, எரிபொருள் நீங்கலாக, எட்டு லட்சத்துக்குள் நிற்கிறது. அடுத்து வரவிருப்பது கிளட்ச். மலையேற்றத்தில் பிடி குறையத் தொடங்கியிருக்கிறது. ஹார்ட் டாப் போடும் எண்ணம் இன்னும் இருக்கிறது. ஆர்சியில் ஏற்ற முடியுமா என்று ஆர்டிஓ அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டிருக்கிறார்; பதில் வரும் வரை கேன்வாஸ்தான்.